யுரேனியச் சுரங்கங்களுக்கான மக்கள் கருத்துக்கேட்பைத் திருப்பிக் கொடுங்கள்: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சருக்கும், அமைச்சகச் செயலருக்கும், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுப் பிரிவின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2025 செப்டம்பர் 8 அன்று உங்கள் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. யுரேனியம் போன்ற அணுக் கனிமங்களையும், அரசு மிக முக்கியமானவை என்று பட்டியலிட்ட கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை, குத்தகைப் பரப்பு எவ்வளவு சிறியதானாலும் மத்திய அளவிலேயே பரிசீலித்து முடிவெடுக்கலாம் என்பது அதன் சாரம். பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில் நாட்டின் பாதுகாப்புத் தேவையைக் காரணம் காட்டி இந்த விலக்கை அளித்தீர்கள். இதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிப்பவன். கல்பாக்கத்து மின்சாரம் எங்கள் மாநிலத்துக்கும் வருகிறது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இங்கே நடத்த வரவில்லை. அந்த விவாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. இத்தனை உலைகளுக்கும் எரிபொருள் எந்த ஊர் மண்ணிலிருந்து வரப்போகிறது? அந்த ஊர்க்காரர்களிடம் யார், எப்போது, எந்த மொழியில் கேட்கப் போகிறார்கள்?

2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில், 2047க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின் திறன் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. இன்று நம்மிடம் இருப்பது 9,000 மெகாவாட்டுக்கும் குறைவு. அந்த ஆண்டு டிசம்பரிலேயே 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டின் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கி, தனியாரும் அணுமின் நிலையம் நடத்த வழிசெய்யும் புதிய சட்டம் வந்துவிட்டது. உலைகளைப் பற்றி இவ்வளவு வேகமாக முடிவெடுத்த அரசு, சுரங்கங்களைப் பற்றி மக்கள் மன்றத்தில் எந்தக் கணக்கையும் வைக்கவில்லை.

அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். உலகில் ஓடும் உலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 67,000 டன் யுரேனியம் கேட்கின்றன. ஆயிரம் மெகாவாட்டுக்குச் சராசரியாக 170 டன் என்று வைத்துக்கொண்டால், 1,00,000 மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 17,000 டன் வேண்டும். இன்றைய உலகத் தேவையில் கால் பங்கு அது. நம் சுரங்கங்கள் இப்போது தருவது சில நூறு டன்கள்தான்.

நம் தாதுவின் தரம் இன்னொரு சிக்கல். கனடாவின் சாஸ்கட்செவன் மாநிலச் சுரங்கங்களில் நூறு கிலோ பாறையில் ஐந்து கிலோவுக்கும் மேல் யுரேனியம் இருக்கிறது. ஜார்க்கண்டின் ஜாதுகோடாவிலும் ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியிலும் நூறு கிலோ பாறைக்கு ஐம்பது கிராம் கிடைத்தால் அதிகம். அப்படியானால் 17,000 டன்னில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நம் மண்ணிலிருந்து எடுப்பதாக இருந்தாலும், ஆண்டுதோறும் 34 லட்சம் டன் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, அமிலத்திலோ காரக் கரைசலிலோ ஊறவைத்தாக வேண்டும். யுரேனியத்தை எடுத்த பிறகு அந்த 34 லட்சம் டன்னும் ஏதோ ஒரு ஊரின் ஓரத்தில் சேறாகக் கொட்டிக் கிடக்கும். அடுத்த ஆண்டு இன்னொரு 34 லட்சம்.

இதை வெறும் மண் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. யுரேனியம் சிதைந்து சிதைந்து உண்டான தோரியம்-230, ரேடியம்-226 போன்ற தனிமங்கள் ஆலையில் பிரிக்கப்படாமல் அந்தச் சேற்றோடு போகின்றன. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் கழிவிலேயே தங்கிவிடுகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதைப் பெற்றெடுக்கும் தோரியம்-230க்கு 75,000 ஆண்டுகள். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு ஓயாமல் வெளிவந்துகொண்டே இருக்கும். சேறு காய்ந்தால் தூசியாகக் காற்றில் பறக்கும், மழை பெய்தால் ஓடையில் இறங்கும். உலையின் ஆயுள் அறுபது ஆண்டு என்கிறீர்கள். இந்தச் சேற்றைத் தேக்கும் கழிவுக் குளத்துக்குக் காவல் இருக்க வேண்டிய காலத்தை எந்தத் திட்ட அறிக்கையும் சொல்வதில்லை.

ஜாதுகோடாவைப் பற்றி உங்கள் கோப்புகளில் நிறையவே இருக்கும். கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில், சந்தால், ஹோ பழங்குடி மக்களின் நிலத்தில், இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம் அங்கேதான் தொடங்கியது. அதை நடத்தும் அரசு நிறுவனமான யுரேனியம் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 1967இல் உருவானது. சுரங்கம் சுமார் 900 மீட்டர் ஆழம் வரை போயிருக்கிறது. அதைச் சுற்றி பாட்டின், நர்வாபஹார், துராம்டிஹ், பாக்ஜாதா, மோஹுல்டிஹ், பந்துஹுராங் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் திறந்தன. உலைகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்தப் பட்டியலும் நீண்டது. 1996 ஜனவரியில் மூன்றாவது கழிவுக் குளத்துக்காக சாட்டிகோச்சா கிராமத்தில் வீடுகள் இடிக்கப்பட்டன. கதிரியக்கத்துக்கு எதிரான ஜார்க்கண்டி அமைப்பு என்ற பெயரில் மக்கள் திரண்டதும் அந்தக் காலத்தில்தான்.

2006 டிசம்பர் 25 அன்று, ஆலையிலிருந்து கழிவுச் சேற்றைக் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய் உடைந்தது. பல மணி நேரம் சேறு ஓடையில் கொட்டியது. குழாய் உடைந்த செய்தியை நிறுவனத்துக்குச் சொன்னவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தினர். அவர்கள் குளிக்கவும் மாடு கழுவவும் பயன்படுத்துகிற நீர் அது. எந்தக் கண்காணிப்புக் கருவிக்கும் முன்னால் ஆபத்தைக் கண்டது ஊர்க்காரர்களின் கண். கருத்துக்கேட்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் இதுதான்.

உடல்நலம் பற்றிய சர்ச்சையையும் மறைக்காமல் சொல்கிறேன். அமைதிக்கும் வளர்ச்சிக்குமான இந்திய மருத்துவர்கள் அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வு, சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களில் பிறவிக் குறைபாடுகளும் குழந்தையின்மையும் தொலைவில் உள்ள கிராமங்களைவிடக் கூடுதல் என்று கண்டது. நிறுவனமும் அணுசக்தித் துறையும் இதை ஏற்கவில்லை. கதிர்வீச்சு இயல்பான அளவில்தான் இருக்கிறது, நோய்களுக்கு வறுமையும் ஊட்டச்சத்துக் குறைவும் காரணம் என்கிறார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்ததும் அணுசக்தி ஆணையத் தலைவரின் உறுதிமொழிப் பத்திரத்தை நம்பித்தான். பத்து ஆண்டுகள் கழித்து, 2014இல், பத்திரிகைச் செய்திகளையும் படங்களையும் பார்த்துவிட்டு ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

இரு தரப்பும் நம்பக்கூடிய, அணுசக்தித் துறையைச் சாராத மருத்துவ ஆய்வு அங்கே நடக்கட்டும். சுரங்கம் தோண்டுபவரே கதிர்வீச்சை அளந்து, அவரே அறிக்கை எழுதி, அவரே ஆபத்தில்லை என்று சான்றளித்தால், அளவு சரியாகவே இருந்தாலும் அந்த மக்கள் எப்படி நம்புவார்கள்? நிலத்தடிச் சுரங்கத்தில் ரேடானைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது பற்றி உலகில் சந்தேகமே கிடையாது. அமெரிக்கா 1990இல் தன் யுரேனியத் தொழிலாளிகளுக்கு இழப்பீட்டுச் சட்டமே இயற்றியது. நம்மிடம் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பரிசோதித்து, முடிவுகளைப் பொதுவில் வைக்கும் ஏற்பாடு வேண்டும். இறந்துபோன தொழிலாளியின் மனைவி, அவர் வேலை உடையை வீட்டில் துவைத்தவர், அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பது, தமிழ்நாட்டுக்காரனுக்கு என்ன என்று கேட்கலாம். 2006இல் அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் பேசியபோது, இந்தியா தன் உலைகளை இரண்டாகப் பிரித்தது. சர்வதேசக் கண்காணிப்புக்கு உட்பட்டவை ஒரு பக்கம், உட்படாதவை மறுபக்கம். கல்பாக்கத்தின் இரண்டு 220 மெகாவாட் உலைகளும் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. அதனால் கஜகஸ்தானிலிருந்தோ கனடாவிலிருந்தோ வாங்கிய யுரேனியத்தை அங்கே எரிக்க முடியாது. உள்நாட்டு யுரேனியம் மட்டும்தான். கூடங்குளம் ரஷ்ய எரிபொருளில் ஓடுகிறது. கல்பாக்கம் ஓடுவது சிங்பூம் மண்ணில், இப்போது தும்மலப்பள்ளி இருக்கும் கடப்பா மண்ணிலும். அங்கே ஆலையில் பிரித்தெடுத்த மஞ்சள் தூள் ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்துக்குப் போய், எரிகோலாகி, எங்கள் கடற்கரைக்கு வருகிறது. அப்படிப்பட்ட ஓர் உலைக்கு ஆண்டுக்கு 40 டன் அளவில் யுரேனியம் தேவை. அதற்கு ஏறத்தாழ 80,000 டன் பாறை. எங்கள் வீட்டு மின்விசிறிக்கும் சாட்டிகோச்சாவில் இடிந்த வீட்டுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது. கல்பாக்கத்தை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் நெடுங்காலமாக உலையின் பாதுகாப்பையும் கடலையும் மட்டுமே பேசியிருக்கிறோம். சுரங்கத்து ஊர்களை எங்கள் பேச்சில் சேர்த்துக்கொண்டதே இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

உலைகளை முதலில் கட்டிவிட்டுச் சுரங்கத்தைப் பிறகு தேடினால் என்ன ஆகும் என்பதை நாடு ஒரு முறை பார்த்திருக்கிறது. 2007, 2008 வாக்கில் யுரேனியப் பற்றாக்குறையால் நம் உலைகள் பாதித் திறனில் ஓடின. உலைகளைக் கட்டும் வேகத்துக்குச் சுரங்கங்கள் ஈடுகொடுக்கவில்லை. அந்த நெருக்கடி நெருங்கிய ஆண்டுகளில்தான் நல்கொண்டாவின் லம்பாப்பூரிலும், கடப்பாவின் தும்மலப்பள்ளியிலும், மேகாலயாவின் காசி மலையிலும் அடுத்தடுத்துக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. 2008இல் அணு எரிபொருள் விற்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விற்பதற்கு இருந்த தடையைத் தளர்த்தி, இறக்குமதி தொடங்கியதால் மூச்சு வந்தது. இப்போது 1,00,000 மெகாவாட் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த அழுத்தம் மறுபடி கிராமங்களின் மேல் இறங்கும்போது, சென்ற முறை இருந்த அந்த ஒற்றைக் கூட்டத்தையும் இந்த முறை எடுத்துவிட்டீர்கள்.

அந்தக் கூட்டங்களால் என்ன கிடைத்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவை வெறும் சடங்கு என்பவர்களும் உண்டு. லம்பாப்பூர் திட்டம் நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் வரவிருந்தது. ஹைதராபாத்துக்குக் குடிநீர் தரும் நீர் அது. எதிர்ப்பின் காரணமாக இன்றுவரை அங்கே சுரங்கம் வரவில்லை. காசி மலையில் ஸ்பிலிட்டி லிங்தோ லாங்ரின் என்ற மூதாட்டி, குத்தகைப் பணமாக எவ்வளவு தருவதாகச் சொன்னபோதும் தன் நிலத்தைத் தர மறுத்துவிட்டார். 2020இல் அவர் காலமாகும் வரை அந்த மறுப்பு மாறவில்லை. தெலங்கானாவின் நல்லமலைக் காட்டில், செஞ்சு மக்கள் வாழும் அம்ராபாத் புலிகள் காப்பகத்துக்குள் யுரேனிய ஆய்வு என்றபோது, மாநிலமே எழுந்தது. 2019 செப்டம்பரில் சட்டமன்றம் ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. இவர்களில் யாரையும் நாட்டுப் பாதுகாப்புக்கு எதிரிகள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தங்கள் நீரையும் காட்டையும் அறிந்தவர்கள் அவர்கள்.

தும்மலப்பள்ளி வேறு கதை. அங்கே கூட்டம் நடந்தது, சிலர் எதிர்த்தார்கள், பலர் வேலை கிடைக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள், ஆலை வந்தது. புலிவெந்துலா பக்கம் வாழையும் சாத்துக்குடியும் விளையும் வறண்ட நிலம். விவசாயம் முழுக்க ஆழ்துளைக் கிணற்றை நம்பியது. கழிவுக் குளம் நிறையத் தொடங்கிய சில ஆண்டுகளில், கிணற்று நீர் கெட்டுப்போனது, வாழை கருகுகிறது, தோலில் அரிப்பு வருகிறது என்று குளத்தை ஒட்டிய கிராமத்தார் முறையிட்டார்கள். குளத்தின் அடியில் நீர் இறங்காமல் தடுக்கும் காப்பு சரியாகப் போடப்பட்டதா என்று ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கேள்வி கேட்டது. நிறுவனம் தன்மீது தவறில்லை என்று மறுத்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மக்களால் கேள்வி கேட்க முடிந்தது, ஏனென்றால் கூட்டத்தில் என்ன வாக்குறுதி தரப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திட்ட அறிக்கையின் சுருக்கம் தெலுங்கில் கிடைத்திருந்தது. கருத்துக்கேட்பே இல்லாமல் நாளை வரும் சுரங்கத்தில், மீறப்பட்டது எந்த நிபந்தனை என்றுகூட ஒரு விவசாயியால் சொல்ல முடியாது.

நாட்டுப் பாதுகாப்பு என்ற காரணத்துக்கு வருகிறேன். எவ்வளவு யுரேனியம் எங்கே போகிறது என்பது ரகசியமாக இருக்கலாம், அதைக் கேட்கவில்லை. கழிவுக் குளம் எந்தச் சர்வே எண்ணில் வருகிறது, அதன் அடியில் என்ன காப்பு, நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது, எந்த ஓடை எங்கே போய்ச் சேர்கிறது, குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், சுரங்கம் மூடிய பிறகு குளத்துக்கு யார் பொறுப்பு: இவற்றில் எது இராணுவ ரகசியம்? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் யுரேனியச் சுரங்கங்களுக்குப் பல கூட்டங்கள் நடந்திருக்கின்றன. அவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன கேடு வந்தது என்று குறிப்பாணையில் ஒரு வரியும் இல்லை.

காலநிலை மாற்றத்தைச் சொல்லி அவசரம் காட்டுவதையும் நான் மதிக்கிறேன். நிலக்கரியின் கேடு எண்ணூரிலும் நெய்வேலியிலும் எங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் துபாய் மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 2050க்குள் அணுமின் திறனை மூன்று மடங்காக்க உறுதி எடுத்தன. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை என்றாலும் அதே திசையில்தான் போகிறது. அந்த அறிவிப்பின் பிறகு, 2024 ஜனவரியில், யுரேனியம் ஒரு பவுண்டு 100 டாலரைத் தாண்டியது. 2007க்குப் பிறகு அப்படி ஒரு விலை வந்ததில்லை. விலை ஏறியதும் மூடிக் கிடந்த சுரங்கங்கள் மலாவியிலும் அமெரிக்காவிலும் திறக்கின்றன. உலக உற்பத்தியில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு கஜகஸ்தான் ஒன்றிலிருந்தே வருகிறது. எல்லா நாடும் ஒரே சந்தையில் வரிசையில் நிற்கும்போது, இறக்குமதியை நம்ப முடியாது என்ற பேச்சு டெல்லியில் எழும். உள்நாட்டுச் சுரங்கம் என்ற பேச்சு உடனே தொடரும். அந்த நாள் வரும் என்று தெரிந்துதான் இந்த விலக்கு இப்போதே எழுதப்பட்டிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பிற நாடுகள் கொடுத்த விலை நம் முன்னால் இருக்கிறது. அமெரிக்காவின் நவாஹோ பழங்குடி நிலத்தில் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் 500க்கும் மேல். பல இடங்களில் துப்புரவுப் பணி இன்னும் முடியவில்லை. 1979 ஜூலையில் அந்த நிலத்தை ஒட்டிய சர்ச் ராக் என்ற இடத்தில் கழிவுக் குளத்தின் கரை உடைந்து, கழிவு ஆற்றில் கலந்தது. கிழக்கு ஜெர்மனியில் விஸ்முட் நிறுவனம் 1946 முதல் 1990 வரை தோண்டிய சுரங்கங்களைச் சீர்செய்ய, ஒன்றுபட்ட ஜெர்மனி 600 கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்துவிட்டது. அந்தச் செலவு முழுக்க மக்களின் வரிப்பணம். அங்கே சுரங்கம் நடந்த காலத்தில் ஊர்மக்களிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. நம் மின்கட்டணக் கணக்கிலும் இந்தப் பிற்காலச் செலவு எழுதப்பட்டாக வேண்டும். புதிய சட்டத்தின் கீழ் தனியார் உலை கட்ட வருகிறார்கள். லாபம் அவர்களுக்குப் போய், ஜாதுகோடாவின் குளங்களைக் காக்கும் பொறுப்பு அடுத்த நூறு தலைமுறை அரசுகளின் தலையில் விழுவதை எப்படி ஏற்பது?

இந்தக் குறிப்பாணை எங்கள் கரைக்கும் வந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் என்ற அணுக் கனிமம் கலந்த மணலை எடுக்கும் திட்டத்தை அங்குள்ள மீனவரும் விவசாயிகளும் எதிர்த்து வருகிறார்கள். விலக்கைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாடு முதலமைச்சரும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கிள்ளியூருக்காகப் பேசும் நாங்கள் சிங்பூமுக்காகவும் கடப்பாவுக்காகவும் பேசாவிட்டால் எங்கள் பேச்சில் நியாயம் இருக்காது. எனவேதான் இதை எங்கள் மாவட்டப் பிரச்சினையாக மட்டும் எழுதவில்லை.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது பற்றி 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மலை இன்றும் நிற்கிறது. கேட்டால் மக்கள் மறுத்துவிடுவார்கள் என்ற பயம் அமைச்சகத்துக்கு இருக்கிறதா? மறுக்கக்கூடும். தும்மலப்பள்ளியில் பலர் ஒத்துக்கொண்டதுபோல ஒத்துக்கொள்ளவும் கூடும், நிபந்தனைகளோடு. எந்த விடையானாலும் அது அவர்கள் சொல்ல வேண்டிய விடை.

ஆகவே செப்டம்பர் 8 குறிப்பாணையை முழுமையாகத் திரும்பப் பெறுங்கள். அதன் கீழ் இதுவரை வந்த விண்ணப்பங்களை, கருத்துக்கேட்பு நடக்கும் வரை நிறுத்தி வையுங்கள். புதிய அணுமின் நிலையத்துக்கு அனுமதி கேட்டு வருபவர், அதன் ஆயுள் முழுமைக்குமான யுரேனியம் எங்கிருந்து வரும், எத்தனை டன் கழிவு எங்கே கொட்டப்படும் என்பதைத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்று விதியில் சேர்த்துவிடுங்கள். இப்போது உலைக்கு ஓர் அறிக்கை, சுரங்கத்துக்கு ஓர் அறிக்கை என்று தனித்தனியாக வருவதால், ஒன்றின் விலை மற்றதில் தெரிவதே இல்லை. ஜாதுகோடா, துராம்டிஹ், தும்மலப்பள்ளிக் கழிவுக் குளங்களைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளை மாதந்தோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மேலே கேட்ட மருத்துவ ஆய்வுக்கு, அந்த ஊர்களின் பிரதிநிதிகளையும் சேர்த்து ஒரு குழு அமையுங்கள்.

குறிப்பாணைக்கு நீங்கள் சொன்ன காரணங்களையும், இந்தக் கோரிக்கைகளுக்கான பதிலையும் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தால் போதாது. சந்தாலியிலும் ஹோவிலும் தெலுங்கிலும் காசி மலை மக்களின் மொழியிலும் தமிழிலும் வர வேண்டும்.

மரியாதையுடன்,
செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஒரு குடிமகன்